ஈஸ்டர் வாரத்தில் செய்தி சொல்லப்போகும் தங்கைக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். வீட்டு ஜெபக்கூட்டத்தில் 15 நிமிடம் ஈஸ்டர் செய்தி சொல்லும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது. "என் விசுவாசமே அரைகுறை, நான் என்னத்தைச் சொல்ல?" என்று கேட்டிருக்கிறாய். உயிர்த்தெழுதல் பகுதிகளை நிதானமாக வாசித்துப் பாரம்மா, அங்கே முழு விசுவாசத்தோடு கல்லறைக்குப் போனவர் ஒருவரும் இல்லை. பெண்கள் கந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு போனது இறந்த உடலுக்குப் பூச. வழியில் அவர்களுக்கு இருந்த கவலை, "கல்லைப் புரட்டித்தள்ளுவான் யார்?" என்பதுதான். அவர்கள் வந்து சொன்னதைக் கேட்ட சீஷர்களுக்கு அது வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். கலிலேயா மலையில் ஆண்டவரைக் கண்ணால் கண்டு பணிந்துகொண்ட இடத்திலும் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்கிறார் மத்தேயு. ஆகவே அரைகுறை விசுவாசம் உனக்கு இடைஞ்சல் இல்லை. கேட்க வருகிறவர்களில் பலரும் அந்த நிலையில்தான் இருப்பார்கள்.

முதல் வேலை, ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது. புதிதாகச் செய்தி சொல்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நான்கு சுவிசேஷங்களையும் கலந்து ஒரே கதையாக்கப் பார்ப்பார்கள். மாற்கு மூன்று பெண்களின் பெயரைச் சொல்கிறார், யோவான் மகதலேனா மரியாளை மட்டும் சொல்கிறார். மத்தேயுவில் ஒரு தூதன், லூக்காவில் பிரகாசமுள்ள வஸ்திரம் தரித்த இரண்டு பேர். இதையெல்லாம் ஒட்டவைக்கப் போனால் உன் 15 நிமிடமும் ஒட்டுவதிலேயே தீர்ந்துவிடும். நான்கு சாட்சிகளும் கல்லறை வெறுமையாயிருந்தது என்பதில் ஒன்றாக நிற்கிறார்கள். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு உன் பகுதிக்குப் போய்விடு.

நான் உனக்குக் கொடுக்க நினைப்பது யோவான் 20:19 முதல் 29 வரை. 11 வசனம், நிதானமாக வாசித்தாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முந்தின நாட்களில் அதைச் சத்தமாக ஐந்து தடவை வாசி. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்: யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்குப் பயம், யார் அங்கே இல்லை, இயேசு முதலில் பேசியது என்ன, எது இரண்டு தடவை வருகிறது. விளக்கவுரைப் புத்தகத்தை ஐந்தாம் வாசிப்புக்குப் பிறகு திற. முன்னாலேயே திறந்தால் நீ கண்டதைச் சொல்ல மாட்டாய், அதில் இருப்பதைத்தான் ஒப்பிப்பாய்.

அந்தக் கடைசிக் கேள்வியை விடாதே. கதவுகள் இரண்டு தடவை பூட்டப்பட்டிருக்கின்றன. 19-ஆம் வசனத்தில் பூட்டியிருந்தது புரிகிறது, யூதருக்குப் பயந்திருந்தார்கள். ஆனால் அன்று மாலையே இயேசு நடுவிலே வந்து நின்று, கைகளையும் விலாவையும் காண்பித்து, சமாதானம் சொல்லி, "நானும் உங்களை அனுப்புகிறேன்" என்றும் சொல்லிவிட்டார். எட்டு நாளைக்குப் பின்பு 26-ஆம் வசனத்தில் பார்த்தால் அதே வீடு, மறுபடியும் பூட்டிய கதவு. (யூதர் எண்ணும் முறையில் தொடக்க நாளும் சேரும் என்பதால் இது அடுத்த ஞாயிறு.) உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் கண்டவர்களே ஒரு வாரம் கழித்தும் உள்ளேதான் இருந்தார்கள். இயேசு அதைக் கண்டித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் வாரம் சொன்ன "உங்களுக்குச் சமாதானம்" என்பதையே திரும்பச் சொன்னார். ஈஸ்டர் ஆராதனையில் மனம் நிறைந்து பாடிவிட்டுத் திங்கட்கிழமை பழைய பயத்தோடு எழுந்திருக்கிறவர்களுக்கு இந்த இடம் எவ்வளவு பெரிய ஆறுதல்! உன் நேரத்தில் ஐந்து நிமிடமாவது இதற்குக் கொடு.

அடுத்தது தோமா. முதல் வாரம் அங்கே இல்லாமல், காயங்களைக் கண்டு தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்ன சீஷர். தயவுசெய்து அவரைத் திட்டி நேரத்தைக் கழிக்காதே. அவர் கேட்டது மற்றவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்ததைத்தான். அவர்களும் காயங்களைக் கண்ட பிறகே சந்தோஷப்பட்டார்கள் என்று 20-ஆம் வசனம் சொல்கிறது. யோவான் 11-ல் "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்" என்று சொன்னவரும் இந்தத் தோமாதான். அவர் காயத்தில் விரலை விட்டார் என்று பலர் பிரசங்கிப்பார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. இயேசு அழைத்தார், தோமா "என் ஆண்டவரே, என் தேவனே" என்றார், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. இன்னொன்றையும் கவனி: நம்பமாட்டேன் என்று சொன்ன பிறகும் அந்த எட்டாம் நாளில் தோமா அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார். அவர் விட்டுவிட்டுப் போகவில்லை, அவர்களும் வெளியே தள்ளவில்லை. உன் எதிரில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்கு இது கேட்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. 15 நிமிடத்தில் 10 நிமிடம் சிலுவைப் பாடுகளை விவரித்துவிட்டுக் கடைசியில் "உயிர்த்தெழுந்தார், அல்லேலூயா" என்று முடிப்பது அடிக்கடி நடக்கிறது. பாடுகளைப் பேசுவது எளிது, கண்ணீரும் வரும், அதனால் அங்கேயே நின்றுவிடுகிறோம். பெரிய வெள்ளிக்கு அதன் நேரம் இருந்தது, இது ஈஸ்டர் வாரம். மகதலேனா மரியாளின் பெயர் வந்தால் அவளை விபசாரி என்று சொல்லிவிடாதே. ஏழு பிசாசுகள் நீங்கினவள் என்று மட்டுமே லூக்கா 8:2 சொல்கிறது. லூக்கா 7-ல் பாவி என்று சொல்லப்படும் பெயரில்லாத பெண்ணோடு அவளைச் சேர்த்துப் பேசியது ஆறாம் நூற்றாண்டில் போப் முதலாம் கிரகோரியின் பிரசங்கத்தால் பரவிய வழக்கம்.

எல்லாவற்றிலும் முக்கியம், "விசுவாசித்தால் உன் பிரச்சினை நாளைக்கே தீரும்" என்று சொல்லாதே. கணவனை இழந்தவள் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம், பிள்ளையின் வியாதி தீராத தாய் இருக்கலாம். தீராவிட்டால் தன் விசுவாசம்தான் குறை என்று அவள் வீட்டுக்குப் போய் அழுவாள். அந்தப் பாரத்தை அவள்மேல் வைக்க நமக்கு உரிமை இல்லை. உயிர்த்தெழுந்த சரீரத்திலும் ஆணியின் காயம் இருந்தது. அதைக் காட்டித்தான் அவர் தம்மை யாரென்று அறிவித்தார். இதை அவளிடம் தைரியமாகச் சொல்லலாம்.

முடித்ததும் கையை உயர்த்தச் சொல்லாதே, சாட்சி சொல்லும்படி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. ஒரு நிமிடம் அமைதி, பிறகு 26-ஆம் வசனத்தை மட்டும் திரும்ப வாசி, ஜெபம் பண்ணு. அந்த ஒரு நிமிடம் உனக்கு ரொம்ப நீளமாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள், குறைக்காதே.

ஈஸ்டர் ஒரே நாளில் முடிகிற பண்டிகை அல்ல, பெந்தெகொஸ்தே வரைக்கும் 50 நாள் நீள்கிற காலம். அதற்குள் இன்னொரு வாரம் உன்னைக் கூப்பிட்டால் யோவான் 21-ஐ எடுத்துக்கொள். வலையில் பிடிபட்ட 153 மீனைப் பற்றி அதிகம் ஆராயாதே. 9-ஆம் வசனத்தில் கரையில் எரியும் கரிநெருப்பைப் பார், பிறகு 18:18-ஐத் திருப்பிப் பார். பேதுரு மறுதலித்த இரவிலும் குளிர்காய்ந்தது கரிநெருப்பில்தான். அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே வருகிறது. மூன்று தடவை மறுதலித்தவனை அதே போன்ற நெருப்பின் பக்கத்தில், காலைச் சாப்பாட்டைக் கொடுத்த பிறகு, "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தடவை கேட்கிறார். சாப்பாடு முதலில், கேள்வி பிறகு. அந்த வரிசையை மாற்றாமல் சொல்.

ஜெபத்தில் உன்னை நினைக்கிற,
அண்ணன்