எங்கள் மீனாட்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவர்களுக்கு

நேற்று ராத்திரி மூன்று பேர் மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்து மீனாட்சியின் குஞ்சுகளை எண்ணினோம். அம்மாவுக்கு 41 வந்தது, என் பெண்ணுக்கு 46, எனக்கு 43. ஒரு இடத்தில் நிற்காதவற்றை எப்படித்தான் எண்ணுவது, சரி 43 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வந்துவிட்டன. மேலும் கீழும் துடுப்பு நீண்டு, பார்த்தவுடன் ஏஞ்சல் மீன் என்று சொல்கிற உருவமும் வந்துவிட்டது. இதற்கு மேலும் நன்றி சொல்லாமல் நாளைக் கடத்தினால் நன்றாக இருக்காது. தனித்தனியாகப் பேசப் போனால் மீன் விஷயத்தில் நான் ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன், அது உங்களுக்கே தெரியும், அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் எங்கள் ஹவுஸ் ஓனர் ஐயா. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வைக்கப் போகிறேன் என்றதும் அவர் மறுக்கவில்லை. "எத்தனை லிட்டர்?" என்று மட்டும் கேட்டார். 190 லிட்டர், ஸ்டாண்டோடு சேர்த்தால் கால் டன் என்று அவரே கணக்குப் போட்டு, டேப்போடு மேலே வந்து, பீம் போகிற சுவரை ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏஞ்சலுக்கு அந்த ஒன்றரை அடி உயரம் அவசியம். வளர்ந்த மீன் ஒன்று துடுப்பு நுனிக்கு நுனி ஒரு சாண் வரும், குட்டையான தொட்டியில் அதன் துடுப்பு மடங்கிப்போகும்.

அடுத்து கொளத்தூர்க் கடை அண்ணன். இதற்கு முன்னால் வேறொரு கடையில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி, பத்து நாளில் அத்தனை மீனையும் செடிக்கு அடியில் புதைத்தவள் நான். கையில் பணத்தோடு நின்ற என்னிடம் இவர், "தொட்டியை மட்டும் எடுத்துட்டுப் போங்க, மீன் அடுத்த மாசம்" என்றார். வியாபாரம் செய்கிறவர் சொல்கிற வார்த்தையா அது! கூடவே தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பிழியாமல் அப்படியே கவரில் போட்டுக் கொடுத்தார். நாற்றம் தாங்கவில்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த அழுக்கில்தான் இருக்கிறது, அது பெருகாத தொட்டியில் மீன் விடுவது கொலை என்று எனக்கு முதலில் புரியவைத்தது அவர்தான். நியான் டெட்ரா என்ற பொடி மீனை ஏஞ்சலோடு விடாதே என்றும் சொன்னார், அதை நான் கேட்கவில்லை. ஏஞ்சல்கள் வளர வளர ராத்திரிக்கு ஒன்றாக நியான் குறைந்தது. 12 வாங்கினேன், மிச்சம் பூஜ்யம்.

அவர் சொன்னபடி குட்டியாக ஆறு ஏஞ்சல் வாங்கினேன். சின்ன வயதில் ஆண் பெண் தெரியாது, ஆறு வாங்கினால் ஒரு ஜோடியாவது தானாக அமையும் என்பது கணக்கு. ஒன்பது மாதம் கழித்து அமையவும் அமைந்தது. இரண்டு மட்டும் வலது மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் கிட்டே சேர்க்காமல் விரட்டின. என் பெண் உடனே மீனாட்சி, சொக்கன் என்று பெயர் வைத்துவிட்டாள். அடி வாங்கிய நான்கையும் எங்கள் தெருப் பல் டாக்டர் கிளினிக்கில் இருக்கும் தொட்டிக்குக் கொடுத்தேன். அந்த நான்கில் ஒன்றைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு போய் நிற்பேன் என்று அப்போது தெரியாது.

முட்டையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாய்த்து வைத்த கடப்பாக்கல் துண்டில் வரிசை வரிசையாக, ஜவ்வரிசியை இன்னும் பொடியாக்கி லேசாகத் தேன் தடவியதுபோல ஒட்டியிருக்கும். இரண்டும் மாறி மாறி மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே நிற்கும், சோறு தண்ணீர் கிடையாது. மறுநாள் சாயந்திரம் ஒவ்வொன்றாக வெளுக்கும், அதற்கு மறுநாள் பஞ்சு கட்டும், அப்புறம் அவையே தின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடியும் முட்டை, மறுபடியும் வெளுப்பு. இப்படி ஏழு முறை. ஏழாவது முறை நான் அழுதேன், இதை என் அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் மறைத்துப் பயனில்லை.

அந்த மாதங்களில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. மெத்திலீன் ப்ளூ மருந்து சொன்னவர்கள், ராத்திரி விளக்கு போடச் சொன்னவர்கள், விளக்கை அணைக்கச் சொன்னவர்கள், கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் கட்டச் சொன்ன எதிர்வீட்டு அக்கா உட்பட. மேல் வீட்டுக் கெமிஸ்ட்ரி வாத்தியார் மட்டும் எலுமிச்சையைக் கட்டாமல் ஆசிட்டைக் கேட்டார். பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் ஒரு சொட்டைத் தொட்டிக்கு வெளியே எடுத்த கடப்பாக்கல்லில் விட்டார். சர்ரென்று நுரைத்தது. "இது சுண்ணாம்புக்கல்லும்மா. ஏற்கெனவே உன் போர் தண்ணி கடினம், அதில் இதை வேறு ஊறப்போட்டிருக்கே" என்றார். அவர் வீட்டில் மிஞ்சிய பாத்ரூம் டைல்ஸ்தான் இப்போது என் மீன்களின் பிரசவ அறை.

தண்ணீர்க் கதையில் எனக்குத்தான் பெரிய அவமானம். ஏஞ்சலின் பூர்வீகம் அமேசான் ஆற்றுப்படுகை, அங்கே தண்ணீர் மழைத்தண்ணீர் மாதிரி மென்மை. நம் ஊர்ப் பண்ணைகளில் பிறந்து வளர்ந்தது கடினத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் முட்டை பொரிய மென்மையான தண்ணீர் உதவும் என்று யாரோ சொல்ல, ஆர்.ஓ. தண்ணீர் கலக்கலாம் என்று ஆரம்பித்தேன். மெஷினின் பின்பக்கக் குழாயில் சும்மா போகிறதே என்று அதைப் பிடித்து இரண்டு வாரம் ஊற்றினேன். சர்வீஸுக்கு வந்த தம்பி வாளியைப் பார்த்துவிட்டு தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். பேனாவை உள்ளே விட்டான். எங்கள் போர் தண்ணீர் 1,140, இந்த வாளி 1,900. "அக்கா, நல்ல தண்ணியை நீங்க குடிச்சிட்டு, கழிவை மீனுக்கு ஊத்துறீங்களே!" அவன் சிரிக்காமல் சொன்னதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்புறம் எந்தக் குழாய் எது என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டி, ஒரே நாளில் மாற்றினால் மீனுக்கு அதிர்ச்சி ஆகும், வாரம் கொஞ்சமாகக் குறையுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு மாதத்தில் தொட்டித் தண்ணீர் 220-க்கு வந்தது. தம்பி, உன் நம்பரில் மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை, நன்றி சொல்லத்தான்.

கல் மாறியது, தண்ணீர் மாறியது. முட்டை மட்டும் அதேபோல வெளுத்தது.

கடைசியில் கடை அண்ணன்தான், செங்குன்றம் பக்கம் சிமெண்ட் தொட்டிகளில் ஏஞ்சல் வளர்க்கிற ஒரு அண்ணனின் நம்பரைக் கொடுத்தார். முட்டையிடும்போது எடுத்த நாற்பது நொடி வீடியோவை அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் போன் வந்தது. முதல் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "ரெண்டுமே முட்டை போடுதும்மா!" வயிற்றுக்கடியில் முட்டையிடும் நேரத்தில் மட்டும் ஒரு குழல் வெளியே வரும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும், பெண்ணுக்குத் தடித்து மொட்டையாக இருக்கும். இரண்டுக்கும் மொட்டை. ஆண் இல்லாவிட்டால் இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்து முட்டையிட்டுக் காவல் காப்பது சகஜம் என்றார். கல் நிறைய, இடம் போதாமல் முட்டை இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ மீனாட்சிக்கு நல்ல சத்து என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று சாயந்திரம் சொக்கன் சொக்கி ஆனாள்.

இனி பல் டாக்டர் கிளினிக். டாக்டருக்கும், அவரைவிட அந்த மீன்களை அதிகம் கவனித்துக்கொள்ளும் ரிசப்ஷன் அக்காவுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்காதான் முன்னமே ஒருமுறை, "நீங்க கொடுத்ததில் ஒன்னு நெத்தி புடைச்சுக்கிட்டு எல்லாத்தையும் விரட்டுதுங்க" என்று சொல்லியிருந்தார். நெற்றியை வைத்து மட்டும் ஆண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, போட்டுப் பார்க்கலாம் என்றார் செங்குன்றத்து அண்ணன். இரண்டு ரூட் கெனாலுக்கு நடுவில் டாக்டரே கையுறையோடு வந்து வலை போட்டார். அவர் தொட்டியில் ஒன்று குறையக்கூடாதே, அதனால் சொக்கியை அங்கே கொடுத்துவிட்டு இவனை மூடி போட்ட பெயிண்ட் வாளியில் தூக்கிக்கொண்டு வந்தேன். பெண் கொடுத்து மாப்பிள்ளை எடுத்த சம்பந்தம். உறவுமுறையெல்லாம் விசாரிக்கவில்லை, அந்த ஆறும் ஒரு தாய் மக்களா என்பது கடை அண்ணனுக்கே தெரியாது.

நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு வாரம் பார்வை மட்டும். தடுப்பை எடுத்ததும் சண்டை, அவன் வால் கிழிந்தது. 19-ஆம் நாள் இருவரும் சேர்ந்து டைல்ஸை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தார்கள். முதல் முட்டையை ராத்திரியே தின்றுவிட்டார்கள், புது ஜோடி அப்படித்தான் என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது முறை பாதி வெளுத்தது, பாதி தேன் நிறத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்க்கிறேன், தலை டைல்ஸில் ஒட்டியிருக்க வால் மட்டும் துடிக்கிறது, காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதற்கு முன்னால் நடுங்குமே, அந்த மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீனாட்சி ஒரு வாய் அள்ளினாள். நான் போட்ட சத்தத்தில் வாத்தியார் பனியனோடு இறங்கி ஓடிவந்தார். தின்னவில்லை, அள்ளி வேறு இடத்தில் துப்பி ஒட்டவைக்கிறாள், இடம் மாற்றுகிறாள். வாத்தியாருக்கு அன்று காபி எங்கள் வீட்டில்தான்.

அப்புறம் வந்தது அம்மாவின் ராஜ்யம். ஐந்து நாளில் குஞ்சுகள் நீந்த ஆரம்பித்தால் உயிருள்ள தீனி வேண்டும், அதற்கு ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகையின் முட்டையை உப்புத்தண்ணீரில் பொரிக்க வேண்டும். கவிழ்த்த குளிர்பான பாட்டில், ஒரு லிட்டருக்கு இரண்டு பெரிய ஸ்பூன் கல்லுப்பு, அடியிலிருந்து காற்று. ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், அடியில் டார்ச் காட்டினால் ஆரஞ்சு நிறத் தூசி மாதிரி குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கூடும். அதை உறிஞ்சி எடுத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி ஊற்ற வேண்டும். முதல் நாள் நான் செய்தேன். இரண்டாம் நாளிலிருந்து அம்மா ஐந்து மணிக்கு எழுந்து டிகாஷன் இறங்குவதற்குள் இதை முடித்துவிடுகிறார். வயிறு ஆரஞ்சாகத் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்குக் காபி. மீனெல்லாம் எதற்கு வீட்டில் என்று கேட்டவரும் இதே அம்மாதான்.

எல்லாம் பிழைத்தன என்று பொய் சொல்ல மாட்டேன். நீந்த ஆரம்பித்தபோது இருநூறுக்குக் குறையாது. ஒரு ராத்திரி மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றது, கீழ் வீட்டுத் தம்பி தன் பேட்டரி பம்பைக் கொண்டுவந்து மாட்டியதால் மிச்சம் பிழைத்தது. இன்னொரு நாள் பாசத்தில் நான் தீனியை அள்ளிப் போட்டுத் தண்ணீரைக் கெடுத்தேன். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 43-ஐயும் ஒரே தொட்டியில் வளர்க்க முடியாது. முதல் ஆறு பல் டாக்டருக்கு, ஆறு வாத்தியாருக்கு, அவர் தொட்டி வாங்கிவிட்டார், கடை அண்ணன் கொடுத்த ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி மூன்று வாரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள், மூடியுள்ள வாளியோடு. தொட்டி இன்னும் தயாராகாதவர்கள் தயாரான பிறகு வந்தால் போதும், அதுவரை உங்கள் பங்கு இங்கேயே இருக்கும். எது ஆண், எது பெண் என்று மட்டும் தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.