ரி-க்குத் தனியாக ஒரு கார்டு வேண்டாம்

வேப்பேரி, சென்னை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் பாட்டை நேற்று இரவு மூன்று முறை கேட்டேன். உன் அம்மா முதல் முறையே "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மெட்டு அழகு. ஆனால் மெட்டில் ஒரு சுரம் நகர்ந்தால் போதும், நீ அடியில் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டை) மாற்றிவிடுகிறாய். கம்பத்துக்குக் கம்பம் நிற்கிற பஸ்ஸில் ஏறியதுபோல் இருந்தது.

இரண்டாம் வரியைப் பார். ச, ரி, க என்று மெட்டு ஏறுகிறது. (டோ, ரே, மீ எல்லாம் பாடகர் குழுவுக்கு, நமக்குள் சரிகம போதும்.) சி மேஜர் கார்டில் இருப்பவை ச, க, ப. ரி இல்லையே என்று பயந்து, அதற்கென்று ஜி மேஜரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். அரைத் தட்டு நேரம் வந்துபோகிற ரி, பாப்பா! சி மேஜரையே பிடித்திரு. அது தன் போக்கில் க-வுக்குப் போய்விடும். பாசிங் நோட் என்று பெயர் வைத்ததே அதற்குத்தான். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் நான்கு குரலுக்கு எழுதிய கொரால் என்ற ஆலயப் பாட்டுகளைப் புரட்டிப் பார். அவர் 1750இல் இறந்தபின், 1784 முதல் 1787 வரை அச்சான தொகுப்பில் சுமார் 370 இருக்கின்றன. அவரும் தட்டுக்குத் தட்டு கார்டை மாற்றுபவர்தான். ஆனாலும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே கீழ்க் குரல்களான டெனரும் பேஸும் கார்டுக்கு வெளியே ஓடிவிட்டுத் திரும்புவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்.

வலுவான தட்டிலேயே வெளிச் சுரம் வந்து உட்காருவது வேறு சங்கதி. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கத் தொடங்கிய புதிது. ஒரு பாமாலையின் முடிவில் கார்டு சி-யிலிருந்து ஜி-க்கு மாறுகிறது. சோப்ரானோவுக்கு அடுத்த குரலான ஆல்டோ மட்டும் ச-விலேயே நிற்கிறது. மேலே உச்சக் குரலான சோப்ரானோவில் ரி. இரண்டும் உரசுகின்றன. அச்சுப் பிழை என்று முடிவுகட்டி, பென்சிலால் ச-வை அடித்து நி என்று திருத்திவிட்டேன். பாடகர் குழுவை நடத்திய பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து அழித்தார், ஆல்டோக்களை மட்டும் பாடச் சொன்னார். முந்தைய கார்டில் ச சொந்தச் சுரம். கார்டு மாறியதும் அந்நியம். ஒரு தட்டு பொறுத்து நி-க்கு இறங்கியது. இதற்குப் பெயர்தான் சஸ்பென்ஷன். நான் திருத்தியபடி பாடியிருந்தால் அந்த இறக்கமே இருந்திருக்காது. மறுபடி பாடச் சொன்னபோது காது சிவந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், உன் கடைசி 'ஆமென்'னில் கை வைக்காதே. அங்கே டெனர் ம-வைப் பிடித்துக்கொண்டு தாமதமாக க-வுக்கு இறங்குகிறது. தெரிந்து செய்தாயா, கை தவறியா? எதுவானாலும் இருக்கட்டும்.

மூன்றாம் வரியில் இன்னொன்று செய்து பார். பேஸை ப-விலேயே நிறுத்திவிட்டு மேலே கார்டுகளை மாற்று. ஆர்கனில் காலால் மிதித்துக்கொண்டே இருப்பதால் அதற்குப் பெடல் என்று பெயர். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை.

திருத்தியதை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்குவதற்குள் அனுப்பிவிடு, சனிக்கிழமைப் பயிற்சியில் பாட வைத்துப் பார்க்கிறேன். அந்தப் பாமாலைப் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பென்சில் தடம் முழுதாக அழியவில்லை. படம் எடுத்து அனுப்புகிறேன், சிரித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா