2060இலிருந்து பேசுகிறவர்கள்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. இத்தனை மாதம் எழுதாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர்த் தகராறைச் சொன்னபோது, “நாளைக்கு இருப்போமா என்றே தெரியாது, நாற்பது வருஷம் கழித்து வரப்போகிறவனைப் பற்றி உனக்கென்ன கவலை” என்று கேட்டாயே, நம் கூட்டாளி குள்ளனும் சேர்ந்துகொண்டு சிரித்தானே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

வடக்கு ஜப்பானில், இவாத்தே மாகாணத்தில் யஹாபா என்று ஒரு சின்ன ஊர். 27,000 பேர் இருப்பார்கள். 2015இல் ஊருக்குத் திட்டம் போட ஊர்க்காரர்களையே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தத்சுயோஷி சைஜோ என்ற பொருளாதார அறிஞரின் யோசனைப்படி, பாதிப் பேர் இன்றைய மக்களாகவே பேசினார்கள். மீதிப் பேரிடம், “நீங்கள் இருப்பது 2060, வயது மட்டும் இதேதான், அங்கிருந்து பேசுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். இந்த மாதிரிக் கூட்டங்களில் எதிர்காலத்து ஆட்கள் ஹாப்பி என்ற திருவிழா மேலங்கியை மாட்டிக்கொள்வதும் உண்டாம். வேடிக்கையாக இருக்கிறது இல்லையா? ஆனால் பேச்சே மாறிவிட்டது. இன்றைய குழு குழந்தைகளுக்கு இலவச மருத்துவம் மாதிரி உடனே தீர வேண்டியவற்றைக் கேட்டது, அதுவும் நியாயம்தான். 2060 குழுவோ காலம் பிடிக்கிற, சிக்கலான வேலைகளை முதலில் வைத்தது.

என் தூக்கத்தைக் கெடுத்தது தண்ணீர் விஷயம். அந்த ஊரில் குழாய்கள் பழசாகிக்கொண்டிருந்தன, மாற்றப் பணம் வேண்டும். கட்டணத்தை ஏற்றுங்கள் என்று மக்களே சொன்னார்கள் மாப்ளே! நம் ஊரில் எந்தக் கூட்டத்திலாவது அப்படி ஒரு குரலை நீ கேட்டதுண்டா? அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷம் தள்ளி உட்கார வைத்தவுடன், உடைந்த குழாய் தங்கள் வீட்டுக் குழாயாகிவிட்டது.

வரப்போகிறவர்கள் எதை விரும்புவார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அவர்கள் என்ன பாட்டுக் கேட்பார்கள், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தண்ணீர் குடிப்பார்கள், அது தெரியும். மண், காற்று, கடன் எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.

பிரிட்டனின் வேல்ஸில் 2015இல் சட்டமே போட்டு, வருங்காலத் தலைமுறைகளுக்கென்று ஒரு ஆணையரை வைத்தார்கள். அவர் ஆலோசனை சொல்லலாம், ஆய்வு செய்யலாம், அரசின் முடிவை நிறுத்த முடியாது. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. 2024 செப்டம்பரில் ஐ.நா.வும் வருங்காலத் தலைமுறைகளுக்காக ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது, நல்லதுதான். ஆனால் என் நம்பிக்கையெல்லாம் ஊர்க் கூட்டத்தில் அவர்களுக்காக ஒதுக்கும் நாலு நாற்காலியில்தான். பிறக்காதவனுக்கு ஓட்டு இல்லை, வழக்குப் போட முடியாது, சாலை மறியல் பண்ண முடியாது. நாம் அவன் இடத்தில் உட்கார்ந்து பேசாவிட்டால் வேறு யார் பேசுவது, சொல்லு.

எங்கள் சங்கத்தில் இன்னும் அதே சண்டை, போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்குவதா, மழைநீர்த் தொட்டியைச் சுத்தம் பண்ணுவதா என்று. அடுத்த பொதுக்குழுவில் பாதிப் பேரை 2060இல் உட்கார வைக்கப்போகிறேன், செயலாளர் சம்மதித்துவிட்டார். நீயும் வர வேண்டும். உன் பேத்திக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது, அவளுக்காக நீ பேசு. வாழ்க்கை முழுக்கக் குழாய் வேலையிலேயே இருந்தவன், எங்களில் யாரையும்விட உனக்குத்தான் தெரியும். ஒரு தடவை காட்டினாயே, உள்ளே உப்புப் படிந்து சுண்டுவிரல்கூட நுழையாத அந்த இரும்புக் குழாய்த் துண்டு, அது இருந்தால் எடுத்து வா. மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கலாம். கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, சனிக்கிழமை இரவே வந்துவிடு, சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்