ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில்

பாரிஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா கொடுத்தனுப்பிய பொடியில் நேற்று ரசம் வைத்தேன். போனில் சொன்னால் புரியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் வேலை செய்யும் உணவகத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். பெரிய சமையல்காரர் 'இல்ஸரீவ்' என்று குரல் கொடுத்தார். யாரோ ஒருவர் வருகிறார் என்று நினைத்து ஒரு தட்டு எடுத்து வைத்தேன். வந்தவர்கள் ஆறு பேர்.

பிரெஞ்சில் 'வருகிறார்' என்றால் இ-ல-ரீவ். 'வருகிறார்கள்' என்றால் இல்-ஸ-ரீவ். எழுத்தில் வினையின் கடைசி வேறு வேறு, வாயில் இரண்டும் ஒன்றுதான். அந்த ஸ் வினையுடையது இல்லை அப்பா, 'அவர்கள்' என்ற சொல்லின் கடைசி எழுத்து. அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் ஊமையாக இருக்கும். உயிர் வந்தால்தான் ஒலிக்கும், அதுவும் தேனீ மாதிரி அதிர்ந்துகொண்டு அந்த உயிரோடு போய் ஒட்டிக்கொள்ளும். உடல்மேல் உயிர் ஏறும் என்று திண்ணையில் சொல்லிக்கொடுத்தீர்களே, அதேதான்!

'பேசு' என்ற வினையைப் பாருங்கள். நான், நீ, அவன், அவர்கள் நாலு பேருக்கும் ஒரே 'பர்ல்', ஓரசை. 'அவர்கள்' என்பதற்குக் கடைசியில் மூன்று எழுத்து எழுதுகிறார்கள், மூன்றும் ஊமை. 'நாம்' வந்தால் பர்-லோன் என்று இரண்டசை ஆகும். அந்த ன் மூக்கோடு நின்றுவிடும், நாக்கு மேலே தொடாது. நமக்கு விகுதியைக் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். இங்கே காதை முன்பக்கம் வைக்கவேண்டும். அது பழக எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

மாலை வகுப்பு அம்மையார் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: கன்னிமடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. பிரெஞ்சில் மடத்துக்கும் அடைகாப்பதற்கும் எழுத்து ஒன்றே. மடம் என்றால் 'கூ-வான்', அடைகாக்கின்றன என்றால் வெறும் 'கூவ்'.

அப்புறம், 'அவன்' என்பது 'இல்', 'போகிறான்' என்பது 'வ'. திருப்பிப் போட்டால் கேள்வி. இரண்டு உயிர் முட்டாமல் இருக்க நடுவில் ஒரு த் வைத்து 'வ-தில்' என்கிறார்கள். மணியடித்தது என்பதில் நாம் ய் வைக்கிறோமே, அப்படி. உடம்படுமெய் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வகுப்பில் அன்று பிழையில்லாமல் படித்தவன் நான்தான்.

அத்தான் அடுத்த மாதம் வருகிறார் அல்லவா? உங்கள் நன்னூல் உரையைக் கொடுத்தனுப்புங்கள். புணரியல் பக்கங்கள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்