தீவனப் புல் போடுகிறவர்களுக்கு, முயல் வளர்க்கிறவன் எழுதும் மடல்

உசிலம்பட்டி, செக்கானூரணி, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் தீவனப் புல் போடுகிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் மாடி வீட்டில் ரெண்டு முயல் வளர்க்கிறேன். கறிக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முயல் என்று வாயைத் திறந்தாலே "கிலோ என்ன வெல போகுது" என்றுதான் நம் ஊரில் கேட்கிறார்கள். வீட்டுக்குள் செல்லமாக வளர்க்கிறோம், அவ்வளவுதான். என்னைப் போல ஊருக்குள் இன்னும் பல பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே தலைவலி: நல்ல காய்ந்த புல் கிடைப்பதில்லை.

இப்போது நாங்கள் வாங்குவது டிமோத்தி என்கிற சீமைப் புல். குளிர்ப் பிரதேசத்தில் விளைவது, நம் வெயிலுக்கு வராது. அமெரிக்காவில் அறுத்து, கப்பலேறி, பாக்கெட்டில் அடைபட்டு, கூரியரில் வீட்டுக்கு வந்து சேரும்போது கிலோவுக்குப் பல நூறு ரூபாய் ஆகிவிடுகிறது. புல்லுக்கு! அதிலும் சில பாக்கெட்டைப் பிரித்தால் பாதி தூளாகத்தான் இருக்கும், தூசி கிளம்பி முயலும் தும்மும், நானும் தும்முவேன். இந்தக் காசை உங்களிடம் கொடுக்கலாமே என்பதுதான் இந்த மடல்.

"படப்பு படப்பா வைக்கோல் கெடக்கே, அதப் போட வேண்டியதுதான?" என்று கேட்பீர்கள். வைக்கோல் என்பது சத்தையெல்லாம் நெல்மணிக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சி நிற்கிற தாள். மாடு அசைபோடுகிற ஜாதி, எப்படியோ சமாளித்துக்கொள்ளும். முயல் அசைபோடாது, நார் எல்லாம் அதற்குப் பின்குடலில்தான் செரிக்கிறது. போதாக்குறைக்கு நெல்லுக்கு அடித்த மருந்து வேறு. கூண்டுக்கு அடியில் பரப்ப வைக்கோல் அருமையானது, சாப்பாடாகப் போட முடியாது. கேரட்டும் கீரையும் அதற்குத் தொடுகறி, சோறு என்றால் புல்தான்.

முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். நீளமான ஒரு தாளை நுனியில் கவ்வி, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி, கை படாமல் முழுசையும் உள்ளே இழுக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! நல்ல புல் தின்றால் புழுக்கை உருண்டையாக, வெளிர் நிறமாக, உதிரி உதிரியாக விழும். புல் குறைந்தால் புழுக்கை சிறுத்துக் கறுத்துப்போகும், சமயத்தில் முடியில் கோத்த மாதிரி வரும். அரை நாள் சாப்பிடாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். முயல் பார்க்கத் தெரிந்த டாக்டரைத் தேடுவது தனிக்கதை, அது இங்கே வேண்டாம்.

எங்களுக்கு வேண்டிய புல்லை நீங்கள் ஏற்கெனவே போடுகிறீர்கள். கொழுக்கட்டைப் புல். மானாவாரியிலேயே வரும், தண்டு மெல்லிசு, சீக்கிரம் காயும். கோ-4 மாதிரி நேப்பியர் ரகங்கள் மாட்டுக்கு நல்லதுதான், ஆனால் தண்டு தடிமனாக இருப்பதால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடித்துவிடும். அப்புறம் அருகம்புல். நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிறோம், அமெரிக்காவில் இதையே பெர்முடா என்று பெயர் வைத்துக் காயவைத்துக் கட்டுக் கட்டாகக் குதிரைக்கும் முயலுக்கும் விற்கிறார்கள். குதிரை மசால், வேலி மசால் எல்லாம் பயறு வகை. குட்டிக்குக் கொடுக்கலாம். வளர்ந்த முயலுக்குத் தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து கூடி மூத்திரப் பையில் படிந்துவிடும். சவுண்டல் தழை மட்டும் தயவுசெய்து கலந்துவிடாதீர்கள், அதில் உள்ள மிமோசின் என்கிற நச்சு முயலுக்கு முடியைக் கொட்டவைக்கும்.

காயவைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பூ எடுக்கிற பருவத்தில், பனி காய்ந்த பிறகு அறுத்து, லேசாக ஒரு வெயில் காட்டி, மிச்சத்தை நிழலில் புரட்டிப் புரட்டிக் காயவிட்டால் பச்சை நிறமும் வாசமும் அப்படியே நிற்கும். நாள் கணக்காக மொட்டை வெயிலில் போட்டால் வெளுத்துப்போகும். ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், மெஷின் எதுவும் வேண்டாம், கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள், பிசுபிசுப்பு இல்லையென்றால் சரி. பாலிதீன் பையில் கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும், சணல் சாக்கு போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் யாரும் இதைச் செய்ய முடியாது, அந்த மழையில் வளர்ந்த புல்லைத் தை மாதம் அறுத்தால் தோது. ரோட்டோரத்துப் புல் வேண்டாம், பார்த்தீனியம் கலந்த புல்லும் வேண்டாம்.

விலைக்கு வருவோம். பச்சைப் புல்லில் பெரும்பங்கு தண்ணீர்தான், 4, 5 கிலோ அறுத்தால் ஒரு கிலோ காய்ந்த புல் தேறும். அதனால் பச்சைப் புல் விலைக்கே கொடுங்கள் என்று நாங்கள் கேட்டால் அது அநியாயம். அறுப்புக் கூலி, புரட்டுகிற கூலி, சாக்கு எல்லாம் போட்டு, பச்சை விலையைப்போல் பத்து மடங்கு வைத்தாலும் சீமைப் புல் விலையை நெருங்காது. வாங்குகிறவன் தலையிலும் துண்டு விழாது.

எங்கே விற்பது என்பதுதான் சிக்கல். மெஷினில் கட்டுகிற பெரிய கட்டை மாடிக்குத் தூக்கிப்போய் நாங்கள் எங்கே வைப்பது? 2 கிலோ, 5 கிலோ சாக்காக வேண்டும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999-இல் நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு ஓரத்தில் நாலு சாக்கு வைக்க அதிகாரிகள் இடம் கொடுத்தால் எங்களுக்குப் போதும். கொடுக்காவிட்டால் நாங்களே நாலைந்து பேர் சேர்ந்து வண்டி பிடித்துத் தோட்டத்துக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இந்தத் தையில் ஒரு சென்ட் அளவு புல்லை மட்டும் ஒதுக்கிக் காயவைத்துப் பாருங்கள். அறுத்த தேதியைச் சாக்கில் எழுதிவிடுங்கள். முன்பணம் கேட்டாலும் தருகிறோம். பேரம் பேச மாட்டோம் என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது, கொஞ்சம் பேசுவோம்.