மார்ஷல் கையால் எழுதிய அந்த ஒரு வரி

அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளின் தலைவர்களுக்கு,

வணக்கம்.

அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் மேசையில் உட்கார்ந்து, யோசித்து, ஹிரோஷிமா மேல் அணுகுண்டு போடக் கையெழுத்துப் போட்டார் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். 1945 ஜூலை 25 தேதியிட்ட உத்தரவைப் படித்துப் பாருங்கள். அதில் இருப்பது ராணுவத்தின் தற்காலிகத் தலைமைத் தளபதி ஜெனரல் தாமஸ் ஹாண்டியின் கையெழுத்து. ஆகஸ்ட் 3 வாக்கில், வானம் தெளிந்ததும், ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி ஆகிய நான்கில் ஒன்றின் மேல் முதல் குண்டைப் போட வேண்டும். சரி, அப்புறம்? அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராக அவற்றையும் போட வேண்டியதுதான். இரண்டாவதற்கென்று தனியாக யாரையும் கேட்கத் தேவையில்லை.

கேட்கவும் இல்லை. ஆகஸ்ட் 11-க்குத் திட்டமிட்டிருந்ததை, வானிலை கெடப்போகிறது என்று 9-ஆம் தேதிக்கு மாற்றியவர்கள் களத்தில் இருந்தவர்கள். அன்று கொக்குராவை மேகமும் புகையும் மறைத்தன. விமானம் நாகசாகிக்குப் போனது.

மறுநாள், அடுத்த குண்டு 17, 18 தேதிக்குப் பிறகு தயார் என்று, அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் குரோவ்ஸ் ஒரு குறிப்பு அனுப்பினார். அதன் அடியில் ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல் கையால் எழுதினார்: ஜனாதிபதியின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் இதை ஜப்பான் மேல் போடக் கூடாது. இன்னொரு லட்சம் பேரை அழிப்பதை நினைக்கவே முடியவில்லை என்று ட்ரூமன் அன்று சொன்னதாக, அமைச்சர் ஹென்றி வாலஸின் நாட்குறிப்பில் இருக்கிறது. மார்ஷலின் வரி, இரண்டு ஊர் போன பிறகு எழுதிய வரி.

முன்கூட்டியே மறுத்தவரும் உண்டு. பட்டியலில் முதலில் கியோட்டோவும் இருந்தது. போர் அமைச்சர் ஸ்டிம்சன் அந்த ஊரை நேரில் பார்த்தவர். வேண்டாம் என்று அதன் பெயரை அடித்துவிட்டார். ராணுவம் திரும்பத் திரும்பக் கேட்டும் அவர் அசையவில்லை.

இன்று அமெரிக்காவில் ஜனாதிபதி ஒருவர் முடிவெடுத்தால் போதும். பாதுகாப்பு அமைச்சரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இந்தியாவில் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவே அனுமதி தர முடியும் என்று 2003-இல் அறிவித்தார்கள். குழுவில் ஒருவர் மறுத்தால் என்ன ஆகும் என்று அந்த அறிவிப்பில் இல்லை. இப்போதைய ஏவுகணைகள் மேகம் விலகட்டும் என்று காத்திருப்பதும் இல்லை.

ஒன்பது பேரிடமும் ஒரே கேள்விதான். நீங்கள் "போடு" என்ற பிறகு "வேண்டாம்" என்று நிறுத்தும் அதிகாரம் உங்கள் நாட்டில் யாருக்கு இருக்கிறது? ரகசியம் எதுவும் வேண்டாம், பதவியின் பெயர் போதும். யாருக்கும் இல்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்