பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெற்றோரையும் கவனிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவில் பிள்ளையைச் சேர்த்திருந்த பெற்றோர்
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு குழும இயக்குநர் அவர்கள்,
தேசிய நலவாழ்வுக் குழுமம் – தமிழ்நாடு,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை, சென்னை – 600 006.

பொருள்: தீவிர சிகிச்சையில் உள்ள பச்சிளம் குழந்தைகளின் பெற்றோரை உள்ளே அனுமதிப்பதும், அவர்களுக்கு மனநல ஆதரவு அளிப்பதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறந்த எங்கள் பிள்ளைகளை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பலர் பிள்ளையோடு வீட்டுக்குப் போனோம், சிலர் வெறுங்கையோடு போனோம். வைத்தியத்தில் குறை சொல்ல இதை எழுதவில்லை. வார்மர், வெண்டிலேட்டர் எல்லாம் செலவில்லாமல் கிடைத்தன. தனியாரிடம் போயிருந்தால் கடனில் மூழ்கியிருப்போம். கதவுக்கு வெளியே நடப்பதைப் பற்றித்தான் எங்கள் கோரிக்கை.

நடுராத்திரியில் ஒருவர் வந்து "பேபி ஆஃப்" என்று தொடங்கி ஒரு தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். டயப்பர் வாங்கி வரச் சொல்லவும், ரத்தத்துக்கு ஆள் பிடிக்கச் சொல்லவும், பிள்ளை போய்விட்டது என்று சொல்லவும் அதே கூப்பாடுதான். நிலைமையைச் சொல்வதும் வாசலில் நின்றபடி, பத்துப் பேர் காதில் விழ, "சீரியஸ்தான், பார்க்கலாம்" என்பதோடு முடிந்துவிடும்.

தாயின் பாடு இன்னும் மோசம். சிசேரியன் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு வந்து, பீய்ச்சிய பாலைக் கதவருகே கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். பிள்ளை பாலாடையில் குடித்ததா, டியூபில் போனதா என்று சொல்ல ஆளில்லை. அவளுக்கு டிஸ்சார்ஜ் போட்டபின் கட்டிலும் கிடையாது. பச்சை உடம்போடு வராந்தாதான். இதற்கிடையில் "மாசமா இருக்கும்போது என்ன வேலை செய்தாய்?" என்று சொந்தக்காரர்கள் வேறு. அப்பாக்களையோ யாரும் எதுவும் கேட்பதே இல்லை.

கதவை அடைத்து வைப்பதற்குச் சொல்லும் காரணம் கிருமித்தொற்று. பயம் நியாயமானதுதான். ஆனால் பெற்றோருக்குக் கை கழுவவும் பிள்ளையைப் பராமரிக்கவும் கற்றுக்கொடுத்து உள்ளே விடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2017-ல் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு நெறிமுறையை வெளியிட்டது. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் இதைச் சோதித்தபோது தொற்று கூடவில்லை. தாய்ப்பால் குடிப்பதுதான் கூடியது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் இடம்பெற்ற ஐந்து நாட்டு ஆய்வு 2021-ல் வெளியானது. 1.8 கிலோவுக்கும் குறைவான பிள்ளைகளைப் பிறந்த கையோடு தாயின் நெஞ்சில் அணைத்து, தாயையும் அதே பிரிவில் தங்கவைத்ததில் இறப்பு கால் பங்கு குறைந்தது. இங்கேயும் இப்படி நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்புக்குத் தாயை உள்ளே விடும் இடங்கள் உண்டு. அது அன்றைக்கு டியூட்டியில் இருப்பவரின் மனதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

ஆகவே, 2017 நெறிமுறையை எல்லா மாவட்டங்களிலும் கட்டாயமாக்கி, தாய், தந்தை இருவருக்கும் நேரம் ஒதுக்கி ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். பிள்ளை உள்ளே இருக்கும்வரை தாய்க்குக் கட்டிலும் சாப்பாடும் தர வேண்டும். தினம் ஒரு வேளை, உட்கார வைத்து, ஒரு டாக்டரோ நர்ஸோ நிலைமையை விளக்க வேண்டும்; அப்போது மாமியாரையும் கூட வைத்துக்கொண்டு "இதில் தாயின் தப்பு எதுவும் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி பாரம் குறையும். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் வாரம் ஒரு முறையாவது இந்த வார்டுக்கு வரட்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் 14416 எண்ணை வராந்தாவிலேயே எழுதி வைக்கலாம், அதற்குப் பெரிய செலவு இல்லை.

பிள்ளை இறந்துபோனால் துணியில் சுற்றி வாசலில் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். மறைவாக ஓர் இடமும், மடியில் வைத்திருக்கக் கொஞ்ச நேரமும் கொடுங்கள். அந்தத் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும். அதற்கு என்ன செய்வது என்று சொல்லி அனுப்பவும் ஒருவர் வேண்டும்.

நேரில் அழைத்தால் வந்து விவரம் சொல்லத் தயாராக இருக்கிறோம். மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்